வெளிநாட்டில் மகளுக்குக் கீமோ, நான்கு நாளில் புயல்: பெற்றோர் செய்ய வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கிறது. இரண்டாம் சுற்றுக் கீமோ முடிந்து ஆறு நாள் ஆகிறது, கையில் பிக் லைன் (மருந்து ஏற்றுவதற்காகக் கையின் ரத்தக்குழாய் வழியே போட்ட மெல்லிய குழாய்) இருக்கிறது. பார்த்துக்கொள்ள அம்மாவும் அப்பாவும் பார்வையாளர் விசாவில் போயிருக்கிறீர்கள். வீடு 9-வது மாடியில். நான்கு நாளில் கடும் புயல் கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. மொழியும் சரளமாக வராது, ஊரும் புதிது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது உங்களால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். மகளின் பாதுகாப்பு முழுக்க, சாலை மூடுவதற்கு முன்னால் நீங்கள் எடுக்கும் முடிவுகளில்தான் இருக்கிறது. காரணம் இதுதான். கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால், நோயாளி மருத்துவமனைக்குள் வந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. காற்று ஓர் அளவைத் தாண்டினால் ஆம்புலன்ஸ் ஓடாது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் சில மணி நேரம்தான் உண்மையான ஆபத்து. அந்த நேரத்தில் மகள் எங்கே இருக்கப்போகிறார் என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். தண்ணீர், பேட்டரி எல்லாம் அதற்கு அப்புறம்.

அறிவிப்பில் பார்க்க வேண்டியது புயல் கரையைக் கடக்கும் நேரத்தை அல்ல. மணிக்கு 63 கி.மீ. காற்று உங்கள் பகுதியை எப்போது தொடும் என்று பாருங்கள். அதுதான் உங்கள் கெடு. பெரிய புயலில் அந்தக் காற்று, மையம் வருவதற்குப் பல மணி நேரம் முன்பே வந்துவிடும். பிறகு வெளியே போவதும் ஆகாது, ஆம்புலன்ஸை நம்புவதும் ஆகாது. இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் வேகத்தைச் சில நாடுகளில் நாட் கணக்கிலும் சில நாடுகளில் மைல் கணக்கிலும் சொல்வார்கள். ஒரு நாட் 1.85 கி.மீ., ஒரு மைல் 1.6 கி.மீ. அமெரிக்க மையங்கள் ஒரு நிமிடச் சராசரியையும், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்றவை பத்து நிமிடச் சராசரியையும், இந்திய வானிலைத் துறை மூன்று நிமிடச் சராசரியையும் தருகின்றன. அதனால் ஒரே புயலுக்கு ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் எண் ஒன்றாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சி சொல்லும் எண் வேறாகவும் இருக்கும். ஊர்ச் சேனல் சொல்வதை விட்டுவிட்டு, இருக்கும் நாட்டின் அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் பின்பற்றுங்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் போட்டிருக்கிறதா, உள்ளூர் நேரத்திலா என்றும் பாருங்கள். பல மணி நேரம் பிசகிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை சொல்லப்படும் புயல் வகை எண் காற்றை மட்டுமே அளக்கிறது. மழைவெள்ளமும் கடல் பொங்குவதும் அதில் சேராது. "முதல் வகைதானே" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

இப்போது மகளின் ரத்த அணு நாட்காட்டியையும் புயல் நாட்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலான கீமோ முறைகளில் வெள்ளணுக்கள் மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் மிகக் கீழே போகும். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்னும் நீளலாம். உங்கள் மகளுக்கு இன்று ஆறாம் நாள் என்றால், புயல் வரும் நாள் பத்தாம் நாள். அதாவது எதிர்ப்புச் சக்தி அநேகமாக மிகக் குறைந்திருக்கும் வேளையிலேயே புயல் வருகிறது. இந்த ஒரு வரியை அப்படியே மருத்துவமனையில் சொல்லுங்கள்: "புயல் வரும்போது கீமோவின் பத்தாம் நாள், வீடு 9-வது மாடி, கவனிப்பவர்கள் வெளிநாட்டு முதியவர்கள்." "புயல் வருகிறது, பயமாக இருக்கிறது" என்று சொன்னால் ஆறுதல் கிடைக்கும். மேலே சொன்னபடி சொன்னால் திட்டம் கிடைக்கும்.

புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரை இன்றே கூப்பிட்டு, மருத்துவரிடம் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். புயலுக்கு முந்தின நாள் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க முடியுமா? ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ (ரத்தத்தை உறையவைக்கும் அணு) விளிம்பில் இருந்தால், புயலுக்கு அப்புறம் ஏற்ற வேண்டியதை முன்னாலேயே ஏற்றிவிடலாமா? இந்தக் கேள்விக்கு அழுத்தம் கொடுங்கள். பிளேட்லெட் பையை ஐந்து முதல் ஏழு நாள் வரைதான் வைத்திருக்க முடியும், அதுவும் 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே. புயலில் ரத்ததான முகாம்கள் நின்றால், செவ்வணு இருப்பு ஓரளவு தாங்கும், பிளேட்லெட்தான் முதலில் தீரும். புயல் கழிந்து இரண்டாம் நாள் "வாருங்கள், ஏற்றலாம்" என்று போட்டிருக்கும் தேதியை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, புயல் நேரத்தில் மகளை மருத்துவமனையில் சேர்த்துக்கொள்வார்களா என்பது. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாதவரை அனுமதிக்கப் பல இடங்களில் தயங்குவார்கள், புயல் நேரத்தில் படுக்கைகளை அவர்களே காலி செய்துகொண்டிருப்பார்கள். ஆனாலும் கேளுங்கள். மறுத்தால், மருத்துவமனையோடு இணைந்த நோயாளி விடுதி உண்டா, நடந்து போகும் தூரத்தில் தங்குமிடம் உண்டா என்று சமூகப் பணியாளரிடம் விசாரியுங்கள். பெரிய மருத்துவமனைகளில் அப்படி ஒருவர் இருப்பார். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு மருத்துவரைவிட அவர்தான் பல நேரம் அதிகம் உதவுவார். மருத்துவமனையின் ஜெனரேட்டரும் எரிபொருள் பம்பும் அடித்தளத்தில் இருக்கின்றனவா, வெள்ளம் ஏறும் பகுதியா என்றும் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெரிய மருத்துவமனை ஒன்றில் மாற்று மின்சாரம் செயலிழந்து, சுமார் 300 நோயாளிகளை இரவோடு இரவாக வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது.

எங்கே தங்குவது என்பதில் என் வரிசை இது. பயணம் செய்ய மருத்துவர் சம்மதித்தால், புயல் பாதைக்கு வெளியே, இன்னொரு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் ஊருக்கு இரண்டு நாள் முன்பே போய்விடுவது முதல் தேர்வு. அங்குள்ள மருத்துவமனைக்கு இங்கிருந்து மகளின் விவரத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அங்கே போய் அவசரப் பிரிவில் ஆதியோடந்தம் கதை சொல்ல வேண்டிவரும். அது முடியாதென்றால் மருத்துவமனைக்கு அருகில் வெள்ளம் ஏறாத இடத்தில், இரண்டாம் மூன்றாம் மாடியில் அறை. மூன்றாவது, மின்சாரமும் செவிலியரும் உள்ள மருத்துவத் தேவையாளர் முகாம். பல நாடுகளில் இதற்கு முன்பதிவு கட்டாயம், புயல் அன்று வாசலில் நின்றால் இடம் கிடைக்காது. பொது முகாமைக் கடைசியில்தான் எண்ணிப் பார்க்கவேண்டும். நூற்றுக்கணக்கானவர் ஒரே மண்டபத்தில் இருமுகிற இடம், வெள்ளணு இல்லாதவருக்கு ஏற்றதல்ல. ஆனால் வெளியேறும் உத்தரவு வந்து வேறு வழியே இல்லை என்றால், தயங்காமல் பொது முகாமுக்கே போங்கள். நல்ல முகக்கவசம் போட்டு, சுவரோரமாக, கழிவறைக்கு அருகில் இல்லாத இடத்தைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளத்தில் சிக்குவதைவிட அது மேல்.

அந்த 9-வது மாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் லிஃப்ட். பல கட்டிடங்களில் புயலுக்கு முன்பே லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிடுவார்கள், மின்சாரம் போனால் நாள்கணக்கில் ஓடாது. ஹீமோகுளோபின் 7-இல் 8-இல் இருக்கும் ஒருவர் ஒன்பது மாடி இறங்கலாம், திரும்ப ஏற முடியாது. காய்ச்சலில் துவண்டு கிடக்கும்போது இறங்கவும் முடியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கு நாற்காலியில் அந்த இருட்டுப் படிகளில் கொண்டுவர எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துப் பாருங்கள். மகளின் அலுவலக நண்பர் யாராவது மூன்றாம் மாடியில் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த நேரத்தில் மறுப்பவர்கள் குறைவு.

பெற்றோரைத் திகைக்கவைக்கும் ஒன்று இருக்கிறது. மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டது என்றால், அவர் எழுதிக் கொடுக்காமல் மருத்துவமனை உங்களிடம் எதுவும் பேசாது. பல நாடுகளில் சட்டம் அப்படி. "நான் பெற்ற தாய்" என்றாலும் தொலைபேசியில் சொல்லமாட்டார்கள். மகள் தெளிவாக இருக்கும் இன்றே இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று, என் விவரங்களை இன்னாரிடம் பகிரலாம் என்ற ஒப்புதல். மற்றது, என்னால் முடிவெடுக்க முடியாத நிலையில் எனக்காக முடிவெடுப்பவர் இவர் என்ற நியமனம். படிவங்கள் மருத்துவமனையிலேயே இருக்கும். இது அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வசதி உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள், பல மருத்துவமனைகளில் தொலைபேசி வழியாகத் தமிழ் பேசுபவரை இணைப்பார்கள். "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்பதை உள்ளூர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடல்நிலை மோசமாக இருக்கும் மகளையே மொழிபெயர்க்க வைக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

ஒரு பக்கத் தாள் தயார் செய்யுங்கள். தடிமனான கோப்பை அவசரப் பிரிவில் யாரும் புரட்டமாட்டார்கள். நோயின் பெயர், கீமோ முறையின் பெயர், எத்தனையாவது சுற்று, கடைசி மருந்து ஏறிய தேதி, கடைசி ரத்த எண்ணிக்கை தேதியோடு, எடை, உயரம், ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, கதிரியக்கம் பாய்ச்சிய ரத்தம்தான் ஏற்ற வேண்டுமா என்ற குறிப்பு, பிக் லைன் எந்தக் கையில் எந்தத் தேதியில் போட்டது, புற்றுநோய் மருத்துவரின் 24 மணி நேர எண், காப்பீட்டு எண். மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் எழுதாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும். மூலப் பெயரையும் மில்லிகிராமையும் எழுதுங்கள். அந்த நாட்டு மொழியில் ஒரு பிரதி, ஆங்கிலத்தில் ஒரு பிரதி. பிளாஸ்டிக் உறையில் போட்டு மகளின் பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று. படம் எடுத்து ஊரிலுள்ள நம்பகமான ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மருந்து விஷயத்தில் குறைந்தது இரண்டு வாரத்துக்கு இருப்பு வையுங்கள். காப்பீடு முன்கூட்டியே நிரப்ப மறுத்தால், புயல் அவசர நிலையைச் சொல்லி விதிவிலக்குக் கேட்கப் பார்மசிஸ்ட்டையே பேசச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாள்கூட விட்டுப்போகக் கூடாது, திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெள்ளணு எண்ணிக்கையை உயர்த்தும் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது. வெளியே எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பெட்டிக்குள்ளிருக்கும் தாளில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். மின்சாரம் போனால், திறக்காத குளிர்சாதனப் பெட்டி சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எனவே இன்றே தண்ணீர்ப் பாட்டில்களை உறைய வைத்து இடைவெளிகளை நிரப்புங்கள். ஊசியைக் குளிர்பெட்டிக்கு மாற்றும்போது பலரும் செய்யும் பிழை, ஐஸ் மேலேயே வைத்துவிடுவது. உறைந்துவிட்டால் அந்த ஊசி பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நம்ப முடியாது, பார்மசிஸ்ட்டைக் கேட்காமல் போடக் கூடாது. ஐஸ் பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி, மருந்தைத் தனி டப்பாவில் போட்டு, நடுவில் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வையுங்கள். இன்சுலினுக்கும் இதே விதிதான். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் வகைகளில் பெரும்பாலானவை அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும்.

உங்கள் இருவரின் சொந்த மாத்திரைகளை மறந்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்தது தீரும் நிலையில் இருந்தால் அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. கவனிப்பவர் விழுந்தால் மகளுக்கு யாருமில்லை.

தண்ணீர்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று பேர், ஏழு நாள் என்றால் 84 லிட்டர். மகளுக்குக் குடிக்க, பல் துலக்க, வாய் கொப்பளிக்க எல்லாமே மூடி திறக்காத பாட்டில் தண்ணீரோ நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரோதான். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும், 2000 மீட்டருக்கு மேல் உயரமான ஊரென்றால் மூன்று நிமிடம். வாசனை சேர்க்காத வீட்டு பிளீச்சில் லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரைமணி வைக்கும் முறை உங்களுக்கு ஆகும். சில ஒட்டுண்ணிகள் அதில் சாகாது என்பதால் மகளுக்கு அதை வேறு வழியே இல்லாதபோது மட்டும். குளியல் தொட்டியை நிரப்பி வைப்பது கழிவறைக்கு மட்டும். கீமோ ஏறிய பின் குறைந்தது 48 மணி நேரம் சிறுநீர், வாந்தி, மலத்தில் மருந்து இருக்கும். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டார், ஆனால் வீட்டில் கீமோ மாத்திரை எடுக்கிறவர் என்றால் கணக்குத் தொடரும். குழாயில் தண்ணீர் இல்லாதபோது கையுறை போட்டு, மூடியைச் சாத்தி, வாளித் தண்ணீரை இரண்டு முறை வேகமாக ஊற்றுங்கள்.

சாப்பாடு சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மின்சாரம் போய் நான்கு மணி நேரம் தாண்டிய பால், இறைச்சி, சமைத்த மிச்சம் எதுவும் மகளுக்கு வேண்டாம், முகர்ந்து பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். டின்னில் அடைத்தவை, தனித்தனி உறையில் வந்தவை, ஒரு வேளைக்கு ஒன்று திறப்பது போலச் சிறிய அளவில் வாங்குங்கள். பெரிய டின்னைத் திறந்து மிச்சம் வைக்க இடமிருக்காது. வாந்தி, பேதி வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் இருப்பது நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

மின்சாரத்துக்கு முதலில் தெர்மாமீட்டர்கள், இரண்டு வேண்டும், மாற்று பேட்டரியோடு. பிறகு தலையில் மாட்டும் விளக்கு. டிரெஸ்ஸிங் மாற்ற இரண்டு கையும் வேண்டுமே. மெழுகுவர்த்தி வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாராவது ஜெனரேட்டர் ஓட்டினால் அது ஜன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, வெளியே இருக்க வேண்டும். பால்கனியும் மூடிய கார் கொட்டகையும் வெளி ஆகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் மூவருக்கும் ஒன்றாக வந்தால் கீமோவின் விளைவு என்று எண்ணாமல் உடனே வெளிக்காற்றுக்குப் போங்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான காய்ச்சல். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாயிலோ காதிலோ அளந்து, நேரத்தோடு தாளில் எழுதுங்கள். ஆசனவாயில் வைத்து அளக்கக் கூடாது, சின்னக் கீறல் வழியே கிருமி போய்விடும். 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் மருத்துவமனை எண்ணுக்கு அழைக்க வேண்டும். உங்கள் மருத்துவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். அளக்காமலும், அழைக்காமலும் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள். அது கிருமியை ஒன்றும் செய்யாது, எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்துவிடும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் எந்த நிலையிலும் வேண்டாம், பிளேட்லெட் குறைந்த உடம்பில் ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. அந்த மருந்து காய்ச்சலையே மறைத்துவிடும். தெர்மாமீட்டர் 37.2 காட்டும், ஆனால் உடம்பு உதறும், நாடி வேகமாக ஓடும், மூச்சு வாங்கும், பேச்சில் தடுமாற்றம் தெரியும், கைகால் சில்லென்றும் புள்ளி புள்ளியாகவும் இருக்கும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போயிருக்காது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அவசர நிலைதான். அம்மாக்களுக்கு "இவள் சரியில்லை" என்று எண் காட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும், அந்த உள்ளுணர்வை நம்புங்கள்.

அவசர எண்ணில் பேசும்போது "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் புயல் நேரத்தில் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "கீமோ எடுக்கும் நோயாளி, பத்தாம் நாள், நியூட்ரோபீனியா, காய்ச்சல் 38.4, செப்சிஸாக இருக்கலாம்." நியூட்ரோபீனியா என்றால் வெள்ளணு மிகக் குறைந்த நிலை, செப்சிஸ் என்றால் தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை. பிறகு முகவரி, மாடி, வாசல் குறியீடு. இதை உள்ளூர் மொழியில் எழுதிக் கதவில் ஒட்டி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பழகுங்கள்.

காற்றின் உச்சத்தில் காய்ச்சல் வந்து யாரும் வர முடியாது என்றால்? இந்த ஒரு சூழ்நிலைக்காகவே, முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைக்க வேண்டியது மாற்று ஆன்டிபயாடிக் மாத்திரை. ஆபத்துக் குறைவான சிலருக்கு வாய்வழி மருந்து தரும் வழக்கம் உண்டு. உங்கள் மகளுக்கு அது பொருந்துமா, எது, எத்தனை மில்லிகிராம், எப்போது தொடங்குவது என்பதை மகளின் சிறுநீரக நிலையும் ஒவ்வாமையும் தெரிந்த அவர்தான் முடிவு செய்ய வேண்டும், எழுதித் தரவும் வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிச்ச மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மாத்திரை கொடுத்தாலும் மருத்துவமனைப் பயணம் ரத்தாகாது, தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அவசர எண்ணில் பதிவு செய்து, காற்று தணிந்ததும் முதலில் வரும்படி கேட்டு, முதல் மாத்திரை கொடுத்த நேரத்தை எழுதி வையுங்கள். சொந்தமாகக் கார் எடுத்து வெள்ளத்தில் இறங்காதீர்கள். ஓடும் நீர் 30 செ.மீ. இருந்தாலே சிறிய கார் மிதக்கும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துப்போகும். திடீரெனக் காற்று நின்று வானம் தெளிந்தால் அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். அதிகாரிகள் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

பிக் லைன் குறித்து. டிரெஸ்ஸிங் மாற்றும் நாள் புயலன்று வருமானால் முந்தின நாளே மாற்றி வாங்கிவிடுங்கள், மாற்று டிரெஸ்ஸிங் இரண்டு, மாற்று மூடிகள், ஸ்பிரிட் துடைப்பான்கள், குழாயைக் கழுவும் உப்புநீர் ஊசிகள் கேட்டு வாங்குங்கள். டிரெஸ்ஸிங் ஈரமானாலோ ஓரம் பெயர்ந்தாலோ ஏழு நாள் கணக்கைப் பார்க்காமல் மாற்ற வேண்டும். இடம் மாறிப் போகும்போது லைன் போட்ட இடம் முழுவதும் மூடும்படி பிளாஸ்டிக் சுற்றி, மேலேயும் கீழேயும் ஒட்டுங்கள். குழாய் வெட்டுப்பட்டாலோ விரிசல் விட்டாலோ, விரிசலுக்கும் உடம்புக்கும் இடையில் குழாயை மடித்து இறுக்கிப் பிடித்து கிளாம்ப் (குழாயை அடைக்கும் கவ்வி) போடுங்கள். உடனே மூச்சுத் திணறல் வந்தால் உள்ளே காற்று போயிருக்கலாம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைத் தாழ்த்தி, அவசர எண்ணை அழையுங்கள். லைன் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிட்டால் சுத்தமான காஸ் துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், திரும்ப உள்ளே தள்ள முயலாதீர்கள்.

மூக்கில் ரத்தம் வந்தால் உட்காரவைத்து, முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். இடையில் விட்டு விட்டுப் பார்த்தால் கட்டிய ரத்தம் கலைந்துவிடும். இரண்டு முறை செய்தும் நிற்காவிட்டாலோ, கடும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல் வந்தாலோ அது காத்திருக்கும் விஷயமல்ல. இருட்டில் தடுக்கி விழுவதுதான் இந்த நாட்களில் ரத்தக்கசிவுக்கு எளிதான வழி. கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையில் ஒன்றும் கிடக்கக் கூடாது, மகள் படுக்கைக்கருகில் மூடிய காலணி இருக்கட்டும்.

மகளுக்கு வேறு நோய் என்றால் முக்கியத்துவம் மாறும். டயாலிசிஸ் செய்பவருக்குப் புயலுக்கு முந்தின நாளே ஒரு முறை கூடுதலாகவோ முன்னதாகவோ செய்துகொள்வதுதான் முதல் வேலை. பிறகு டயாலிசிஸ் மையம் தரும் மூன்று நாள் அவசர உணவுத் திட்டப்படி பொட்டாசியம், உப்பு, தண்ணீர் அளவைக் குறைக்க வேண்டும். ஆக்சிஜன் எடுப்பவருக்குக் கணக்கு எளிது: சிலிண்டரிலுள்ள லிட்டரை நிமிட ஓட்டத்தால் வகுங்கள். 680 லிட்டர் சிலிண்டர் நிமிடத்துக்கு 2 லிட்டரில் 340 நிமிடம், ஆறு மணி நேரம்கூட இல்லை. வீட்டு ஆக்சிஜன் இயந்திரம் 300 முதல் 400 வாட் இழுக்கும், ஆயிரம் வாட்-மணி பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓடினால் அதிகம். இவர்கள் வீட்டில் இருக்கவே கூடாது, மின்சாரம் உறுதியான இடத்துக்குப் போக வேண்டும்.

புயல் போனபின் மூச்சுவிடத் தோன்றும். நோயாளிகளுக்குப் பெரிய சேதம் பெரும்பாலும் அதற்கப்புறம்தான். 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது முதலில் சொல்லப்பட்ட இறப்பு எண்ணிக்கை 64. அடுத்த மாதங்களில் நிகழ்ந்த கூடுதல் இறப்புகளையும் ஆராய்ந்தபின் அரசு ஏற்றுக்கொண்ட எண் 2,975. மின்சாரமும் சிகிச்சையும் மாதக்கணக்கில் தடைப்பட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே சாலை திறந்த முதல் நாளே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு ரத்த எண்ணிக்கைக்கும் அடுத்த சுற்றுக்கும் தேதி வாங்குங்கள். அது மூடியிருந்தால் எந்த மையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி பல நேரம் போய்விடும். ஊரிலுள்ள ஒருவரை மட்டும் செய்தி மையமாக வைத்து, அவரே மற்ற உறவினருக்குச் சொல்லட்டும், உங்கள் பேட்டரி மிஞ்சும்.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் மகளை அங்கே அழைத்துப் போகாதீர்கள். நனைந்த சுவரும் மெத்தையும் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தத் தூள் வெள்ளணு இல்லாதவர் நுரையீரலில் போனால் வரும் தொற்று, குணப்படுத்த மிகக் கடினமானவற்றில் ஒன்று. முகக்கவசம் போட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். சுத்தம் செய்பவர் மகளைத் தொடும் முன் குளித்து உடை மாற்ற வேண்டும்.

விசா காலம் புயல் வாரத்தில் முடிகிறதென்றால் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள், விமான ரத்துச் செய்தியையும் மருத்துவர் கடிதத்தையும் இணைத்து. இந்தியத் தூதரகத்தில் மூவர் பெயரையும் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் தண்ணீரில் போனால் அவசரப் பயண ஆவணம் தருவார்கள், குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்கள், மருத்துவச் செலவைப் பொதுவாகக் கட்டமாட்டார்கள். பெயர் வைக்கப்பட்டுவிட்ட புயலுக்கு அதற்குப் பின் எடுக்கும் பயணக் காப்பீடு பொதுவாகச் செல்லாது, அதில் பணம் போடாதீர்கள்.

இன்று இரவுக்குள் முடிக்க வேண்டியவை மூன்றே: செவிலியரிடம் அழைப்பு, மகளின் இரண்டு கையெழுத்து, தங்கும் இடம். நாளை மருந்தும் தாளும். நாளை மறுநாள் தண்ணீர், உணவு, இடமாற்றம். மருத்துவர் என்ன பதில் சொன்னார், அணு எண்ணிக்கை எவ்வளவு என்று எழுதினால், எங்கே தங்குவது என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.